கடைசி இரண்டு வரிசை

லைசென்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருடம், வண்டி ஓட்டிக் காட்டுகிறவர்களைப் பாஸும் ஃபெயிலும் ஆக்கியவருக்கு ஊர் வைத்த பெயர் ரிவர்ஸ். முன்னால் எவ்வளவு அழகாக ஓட்டினாலும், பின்னால் எடுக்கச் சொல்லி ஆளைக் கவிழ்த்துவிடுவார். லஞ்சம் வாங்காத மனுஷர், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த நல்ல பெயர் சும்மா வரவில்லை. பெண்டாட்டியின் தலையை மிதித்து ஏறி வாங்கியது.

அவளை மூன்று தடவை ஃபெயிலாக்கினார். மூன்று தடவையும் பின் சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுவிட்டதாம். தொடவில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "கை நடுங்குது உனக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம்," என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். சொந்தப் பெண்டாட்டிக்கே பாஸ் போடாத உத்தமர் என்று ஆபீசே மெச்சியது. அவள் ஓய்வு பெறும்வரை இரண்டு பஸ் மாறித்தான் நர்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். அவளுடைய அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று அவர் வெளியூரில் இருந்தார். கார் வாசலில் சும்மா நின்றது. பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தக் கோபம் ஆறவே இல்லை. ஆறிய மாதிரி சமைத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு எழுபத்தாறு. பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கூட்டர் வருது, நாய் நிக்குது என்று அவள் சொல்லச் சொல்லத்தான் கார் ஓடுகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் டாக்டரின் கையெழுத்து வேண்டும். காரும் போனால், தான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று பிள்ளையிடம் போனில் அழுதார். பிறகு அவளிடம் வந்தார். அவள் கண்ணாடிக்குப் போகிற அதே டாக்டர்தானே, பலகையில் இருக்கிற எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் மனப்பாடம் செய்துவிடலாமே என்றார்.

எழுதிக்கொண்டு வந்தாள். தினமும் காலையில் ஒப்பிக்க வைத்தாள். மேல் நாலு வரிசை சரியானவை. கடைசி இரண்டும் அவள் வாய்க்கு வந்தபடி போட்டவை. பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவர் சலித்துக்கொண்டார்: "நீ அப்பவே ஒழுங்கா ஓட்டிப் பாஸ் பண்ணியிருந்தா, எனக்கு இந்த வயசுல இந்தப் பாடு எதுக்கு?"

கடைசி இரண்டு வரிசையையும் இன்னொரு தடவை ஒப்பிக்கச் சொன்னாள் அவள்.

டாக்டரின் முன்னால் ரிவர்ஸ் மேல் நாலு வரிசையை மடமடவென்று சொன்னார். ஐந்தாவதையும் அதே வேகத்தில் சொன்னார். டாக்டர் பலகையை ஒரு தடவை பார்த்தார், கிழவரை ஒரு தடவை பார்த்தார். சத்தமில்லாமல் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, கடைசி வரிசையை வாசிக்கச் சொன்னார். இருண்டு கிடந்த பலகையைப் பார்த்து ரிவர்ஸ் ஒரு எண் விடாமல் கம்பீரமாக வாசித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவை இருமியிருக்கலாம். இருமவில்லை.

இனி ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். கார் அங்கேயே நின்றது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பஸ் சத்தம் கேட்டதும், நம்ம பஸ்ஸா என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் நல்லா வாசிக்க வருதே. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவர்கள் ஏற வேண்டிய பஸ்தான் அது. போய்விட்டது. அடுத்ததும் போனது. மூன்றாவதும் போனபோது, அவள் தோளைப் பிடித்திருந்த அவர் விரல்கள் உதறின. உட்கார வேண்டும் போல இருக்கிறது என்றார்.

"கை நடுங்குது உங்களுக்கு," என்றாள் அவள், நிறுத்தத்தில் நின்ற நாலு பேர் காதில் விழும்படி. "அடுத்த பஸ்ஸுல பார்க்கலாம்."