ஆரோக்கியசெல்வியின் பேனர் பைகள்

ஆரோக்கியசெல்வி அக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. அவர் சுத்தம் செய்த மூலையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களில் நானும் ஒருவன். பெயர் தென்னரசு, சந்து முனையில் செல்போன் ரிப்பேர் கடை. விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. முப்பது வீட்டுக் குப்பையும் சந்தின் கோடியில், வாய்க்கால் சுவரோரம் போய் விழும். நாய் இழுக்கும், மாடு மேயும், மழை வந்தால் எல்லாம் அவரவர் வாசலுக்கே திரும்பி வரும். நகராட்சியைத் திட்டிக்கொண்டே மறுநாளும் கொட்டுவோம்.

அக்காவின் வீடு கடைசி வீடு. நாற்றம் முதலில் அவருக்குத்தான். பிறந்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியவர்கள். கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தார். இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். கணவர் ராயப்பன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு சாக்கடை அக்காவின் அடுப்படிவரை வந்தது. நாங்கள் எல்லாரும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். உள்ளே இருந்து இழுத்துப் போட்டது அத்தனையும் பேனர். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள். எங்கள் ஊரில் எதற்கும் பேனர் உண்டு. கட்டத் தெரிந்தவனுக்கு, கழற்றியதும் எங்கே போடுவது என்று மட்டும் தெரியாது.

அந்தப் பேனர்களைக் கழுவிக் காயவைத்து, வெட்டி, தார்ப்பாய் ஊசியால் பைகளாகத் தைத்தார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். குப்பையை அள்ளிவிட்டு, பைகளில் மண் நிரப்பி விதை ஊன்றி அந்த மூலையில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஓட்டை போட்ட பெயின்ட் டிரம் ஒன்று. பிறகு வீடு வீடாக வந்து தன் சட்டத்தைச் சொன்னார்.

"காய்த் தோலு, முட்டை ஓடு, டீத்தூளு எல்லாம் என் டிரம்முல போடுங்க. மக்கிப்போச்சுன்னா எருவாயிடும். போடறவங்க காய் பறிச்சிக்கலாம். போடாதவங்க பாத்துக்கினே போங்க."

நான் சிரித்தேன். என் மனைவி கவிதா மட்டும் தோலைக் கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டு மாதம் கழித்து அவள் ஒரு கூடை வெண்டைக்காயோடு வீட்டுக்கு வந்த அன்று சிரிப்பை நிறுத்தினேன். மெல்ல எல்லா வீட்டுத் தோலும் டிரம்முக்கு வந்தது. பைகள் நாற்பது ஆயின. கத்தரி, தக்காளி, மிளகாய், சுவர்மேல் பாகல்.

"எங்கப்பன் பேர்ல ஒரு சாண் நெலம் கெடையாது. இந்த நாப்பது பையும்தான் என் கொல்லை. எவன் வந்து கேக்கறான் பாக்கலாம்" என்பார் அக்கா.

ஒருவர் வந்து கேட்டார். வல்லரசு, எங்கள் சந்திலேயே மாடி வீடு, வார்டில் கட்சிப் பொறுப்பு. குப்பைமேடாக இருந்தவரை அந்த மூலையை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்தார். சுத்தமானதும் புதுக் கார் நிறுத்தத் தோதான இடமாகத் தெரிந்தது. அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை அக்காவே கொடுத்துவிட்டார்.

பொங்கலுக்குப் பிளவுஸ் குவிந்திருந்த அவசரத்தில் ஒரு பையை மட்டும் மாற்றித் தைத்துவிட்டார். படம் வெளியே வந்துவிட்டது. முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் முடிந்து யாரோ பையைத் திருப்பி வைத்தபோது, மாலை போட்ட ஒரு பெரியவர் சந்துப் பக்கம் பார்த்தார். வல்லரசுவின் அப்பா. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர். அவர் தலைக்குமேல் பாகற்கொடி ஏறிக்கொண்டிருந்தது.

வல்லரசு நாலு பேரோடு வந்தார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"எங்கப்பாவ குப்பையில நிக்க வச்சிருக்கியாம்மா? ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்தினி பையும் எடுத்துடு. இல்லன்னா டிப்பரு வரும்."

"தப்பு என்னுது தம்பி" என்றார் அக்கா. "அந்த ஒரு பைக்கு உங்கம்மாகிட்ட மன்னிப்பு கேக்கறேன். மீதி முப்பத்தொம்போதுக்கு நான் ஏன் கேக்கணும்? இன்னொண்ணு. உங்கப்பாவ நான் குப்பையில போடல, சாக்கடையிலேர்ந்து வெளிய எடுத்தேன். போட்டது யாருன்னு உங்க ஆளுங்களக் கேளுங்க."

நேராக வல்லரசுவின் அம்மா அம்சாவிடம் போனார். துணைக்குக் கவிதாவும் போனாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொடி காய்ச்சிருக்கா?" என்றாராம்.

"இப்பத்தாம்மா பூ வுட்டிருக்கு."

"அப்ப புடுங்காத. மொகத்த மட்டும் மறைச்சிடு."

மகனுக்கு அது போதவில்லை. கார் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை டிப்பர் வருவது நிச்சயம் என்று அவர் ஆட்கள் என் கடையிலேயே நின்று சொன்னார்கள். நான் பயந்துபோய் அக்காவிடம் சமாதானம் பேசினேன். பாதி இடத்தைக் காருக்கு விட்டுவிடலாமே என்றேன்.

"பாதி குடுத்தா மீதிக்கு அடுத்த வாரம் வருவான். பேஜாரு பண்ணாம போ தென்னரசு. உங்க ஊட்ல பழைய பேனர் கெடந்தா எடுத்தாந்து குடு."

அந்த வாரம் பிளவுஸ் தைக்கவே இல்லை. அவர் சேர்த்து வைத்திருந்த பேனர்களோடு வீட்டுக்கு வீடு பரணில் கிடந்ததும் வந்து சேர, எல்லாவற்றையும் பைகளுக்கு உறையாகத் தைத்தார். ஞாயிறு காலை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தவர், அதே வெள்ளைச் சேலையோடு மூலைக்குப் போய், தைத்ததைப் பைகளைச் சுற்றிப் போர்த்திப் பின்னால் கயிறு கட்டினார். ராயப்பன் முடிச்சுகளை இறுக்கினார்.

டிப்பர் பத்து மணிக்கு வந்தது. வல்லரசு இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். இந்த முறை படம் வெளிப்பக்கம். முன்வரிசை முழுக்க அவர் கட்சித் தலைவர், கைகூப்பியபடி, தக்காளிச் செடிக்குக் கீழே. அடுத்த வரிசையில் சந்து மக்கள். என் கடைத் திறப்புவிழாவில் நான் இளித்துக்கொண்டிருந்தது கத்தரிக்குக் கீழே.

வண்டியோடு வந்தவர்களில் ஒருவன் முதல் பையைத் தூக்கக் குனிந்தான். தலைவர் முகத்தைப் பார்த்தான். நிமிர்ந்து வல்லரசுவைப் பார்த்தான். வாசலுக்கு வாசல் செல்போன் உயர்ந்திருந்தது. நானும் என் போனை இறக்கவில்லை.

"என்னா இதெல்லாம்?" என்றார் வல்லரசு.

"நீங்க கட்டுனதுதான் தம்பி. தூக்கிக் குப்பை வண்டியில எறியுங்க. கொஞ்சம் இப்பிடித் திரும்பிக்கினு எறிஞ்சீங்கன்னா படம் நல்லா வுழும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். டிப்பர் டிரைவர் தலையை நீட்டி, "அண்ணே, வேற ட்ரிப் இருக்குது, ஜல்தியா சொல்லுங்க" என்றான்.

வல்லரசுவின் கண் அந்த நாற்பதில் எதையோ தேடியது. அக்காவுக்குப் புரிந்தது. சுவரோரம் கைகாட்டினார். அங்கே ஒரே ஒரு பை மட்டும் வெள்ளைத் துணி போர்த்தி இருந்தது.

"உங்கப்பா அதுல இருக்காரு. அம்மா மறைக்கச் சொன்னாங்க, மறைச்சிட்டேன். அதுல வெளிய மொகம் இல்ல, படம் எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. எறியணும்னா அத்த எறியுங்க."

வல்லரசு அந்தப் பை வரைக்கும் போனார். கொடியில் விரல் நீளத்துக்கு இரண்டு பிஞ்சு தொங்கியது. பிறகு டிரைவரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். டிப்பர் காலியாகப் பின்னோக்கி நகர்ந்தது.

அவர் வீட்டுப் படியேறும்போது அக்கா விடவில்லை. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"தம்பி! அடுத்த பேனரு கழட்டும்போது வாய்க்கால்ல போடாதீங்க. என்னாண்ட குடுங்க. எனக்கு இன்னும் பத்து பை தேவப்படுது!"