சொன்னதைச் சொன்னபடி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு பேச்சைக் கிளப்பிவிடுவார்கள். அன்றைக்கு பில் போடும் பிரிவுப் பெண் ஆரம்பித்தாள். "இதைச் சின்ன வயசுலயே கத்துக்காம விட்டுட்டோமேன்னு எதை நெனச்சு வருத்தப்படுறீங்க?" ஒருவர் நீச்சல் என்றார். இன்னொருவர் கார் ஓட்டுவது என்றார். பெண்டாட்டி திட்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று மேலாளர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தபோது, "எங்கம்மா பேசுறத" என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து எழுபது பேருக்கு, உங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று போனில் பதில் சொல்லியிருந்தேன். என் வேலை அதுதான். சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அம்மா முப்பத்தோரு வருடம் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். தகரக் கூரைக்குக் கீழே நாற்பத்தெட்டு தறிகள். எல்லாம் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் அந்த உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் அம்மாவுக்கு அது அத்துப்படி. மூன்று தறி தள்ளி இருப்பவளோடு மாமியார் வம்பெல்லாம் பேசுவாளாம். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்று அவரைத் திட்டவும் செய்வார்களாம். அவர் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் என்னை அழைத்துப்போக வந்தால், தெருவின் அந்தப் பக்கம் நின்றபடி வாயை அகல அகலத் திறந்து சத்தமில்லாமல் பேசுவாள். கூடப் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்து அதேபோல் செய்துகாட்டுவார்கள். எனக்கு 'ஊமைச்சி மகள்' என்று பட்டப்பெயர் வந்தது. ஒருநாள் சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தூக்கி எறிந்தேன். "வெளியில அப்படிப் பேசாத. மானம் போகுது." எனக்கு அப்போது ஒன்பது வயது. "ரொம்ப சுலபம்டி, ஒரு மாசத்துல வந்துடும். நமக்குள்ள மட்டும் பேசிக்கலாம்" என்று என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. குரலில்தான் பேசுவாள், கொஞ்சம் அதிகச் சத்தமாக.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் குரல் போய்விட்டது. தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதற்கு மேல் எழுதத் தெரியாது. கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒருமுறை வைத்துப் பார்த்தாள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை. பழையபடி உதட்டால் பேசத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் என்னிடமும்.

எனக்கு நாலு வார்த்தை தெரியும். டீ, வலி, பாத்ரூம், டிவியை அணை. மற்றதெல்லாம் குத்துமதிப்புதான். "என்னம்மா, ஜன்னலைத் திறக்கணுமா? போர்வையா? தம்பிக்கு போன் போடணுமா?" என்று கேட்டுக்கொண்டே போவேன். கேட்கக் கேட்க என் குரல் ஏறும். நாலாவது கேள்வியில் அவள் கையை உதறி 'விடு' என்பாள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வாரம் ஒருமுறை வீடியோவில் வருவான். அவனிடமும் பேசுவாள். அவன் புரிந்த மாதிரி "சரிம்மா, சரிம்மா, ஆமாம்மா" என்று தலையை ஆட்டுவான். பயல் எதற்கெல்லாம் சரி சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

கழுத்துத் துளையைச் சுத்தம் செய்வது, சோற்றைக் கூழாக அரைத்து வைப்பது, பஸ்ஸைப் பிடித்து அலுவலகம் ஓடுவது, அங்கே கண்டவரிடமெல்லாம் ஏச்சு வாங்குவது, திரும்பி வந்து மறுபடி அந்த வாயைப் பார்த்து முழிப்பது. இரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. சில நாள் அவள் உதடு அசைவது தெரிந்தும் துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அசதி என்றால் அப்படி ஓர் அசதி.

அப்போதுதான் ஒருமுறை பக்கத்துத் தறி அத்தை வந்தாள். அம்மாவுக்கு அடுத்த தறியில் நின்றவள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. எங்கள் வீட்டில் அவளுக்குப் 'பக்கத்துத் தறி அத்தை' என்றுதான் பெயர். வந்தவள் ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம். அறையில் ஒரு சத்தம் இல்லை. டீயோடு போனபோது அம்மா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். என்னோடு இருக்கும்போது அவள் சிரித்தே எத்தனை மாதமாகியிருந்தது!

"என்ன அத்தை சொல்றாங்க?"

"அது எங்க கதை பாப்பா. உனக்கெதுக்கு?" என்றாள் அத்தை. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிட அவள் ஒருத்திதான் பாக்கி. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்பவள் நான், கதை இவளுக்கா? பொறாமைதான், வேறென்ன. அதற்குப் பிறகு அவளை வரச்சொல்லி நான் போன் செய்யவே இல்லை.

போன மாதம் அம்மாவின் நாக்குக்கு அடியில் கட்டி மறுபடி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் நாலு மணி நேரம் காத்திருந்து டாக்டரின் அறைக்குள் போனோம். வெளியே இன்னும் முப்பது பேர். டாக்டர் பொறுமைக்காரர்தான், ஆனால் அவருக்கும் அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. "எடுத்துடலாம். பெரிய ஆபரேஷன். நாக்குலயும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை சேர்த்துக்கலாம். என்னம்மா, சரியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா பேசினாள். ஒரு நிமிடம் இருக்கும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அவரைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் பேசினாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாங்க?"

எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அம்மா பிழைக்க வேண்டும், அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டும். இந்த இரண்டையும் தவிர என் மண்டையில் ஒன்றும் இல்லை.

"சரின்னு சொல்றாங்க டாக்டர்."

அம்மாவுக்குப் போனது குரல்தான். காது கூர்மையாகக் கேட்கும். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

மூடினாள் என்றால் மூடினாள்தான். பேச முடியாத ஒருத்தி பேசாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் உதடு அசையவில்லை. டீ கூடக் கேட்கவில்லை. "என் மேல கோவமா? உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்? சொல்லேம்மா!" என்று கெஞ்சினேன். கத்தினேன். அப்புறம் சமையலறையில் நின்று அழுதேன். புரியாத பேச்சாக இருந்தாலும் அது இருந்தவரைக்கும் வீட்டில் இன்னொரு ஆள் இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கௌரவத்தை எல்லாம் தூக்கி வைத்துவிட்டு பக்கத்துத் தறி அத்தையின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அத்தை பாதி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"மாத்தியா சொன்ன?"

"புரியலை அத்தை. அதான்…"

"புரியாதது வேற, மாத்துறது வேற பாப்பா." இரண்டு விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினாள். "இது எப்படிப் போச்சுன்னு உங்கம்மா உனக்குச் சொல்லவே இல்லையா?"

தறி எல்லாம் ஒரே மோட்டாரில் ஓடிய காலம். மோட்டார் கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும். எதை அங்கே சொல்ல வேண்டுமென்றாலும் உதட்டிலிருந்து உதட்டுக்கு, ஆறேழு பேரைத் தாண்டிப் போக வேண்டும். அத்தையின் கை மாட்டிக்கொண்டபோது, 'கை மாட்டிக்கிச்சு, நிறுத்து' என்று அம்மா சொல்லியனுப்பினாள். நடுவில் ஒருத்தி, மோட்டார்க்காரர் பதறிவிடுவாரே என்று நல்ல மனசோடு, 'கொஞ்சம் நிறுத்தச் சொல்றாங்க' என்று மாற்றிவிட்டாள். அவரும் கையிலிருந்த பீடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

"அன்னையிலேர்ந்து எங்க கூடத்துல ஒரே சட்டம். சொன்னதைச் சொன்னபடி சொல்லணும். 'அவ சொல்றா, இவ சொல்றா'ன்னு இழுக்கக்கூடாது. அவளாவே நின்னு சொல்லணும். அவ நம்மளைத் திட்டியிருந்தாலும் அதையும் அப்படியே சொல்லணும்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நட, போகலாம்."

வீட்டுக்கு வந்து நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, "சொல்லுக்கா" என்றாள். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு உதடு அசைந்தது. அத்தை அந்த வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"முதல்ல, நீ என்கிட்ட கத்தாத. எனக்குக் காது கேக்குது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தை சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன். நாக்குல கொஞ்சம்னா எவ்வளவு? அதுக்கப்புறம் நான் இப்படிப் பேச முடியுமா? குரல் ஒரு தடவை போயிடுச்சு, இதுவும் போயிடுமான்னு கேட்டேன். கேட்டது நான். பதில் சொன்னது நீ."

உட்கார்ந்திருந்த கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு மன்னிப்புக் கேட்பது? அந்த ஒரு பொய்க்கா, கண்ணை மூடிக்கொண்ட இத்தனை வருடத்துக்கா? இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். அவள் என் தலையில் கையை வைத்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"திங்கட்கிழமை நீயே வந்து எனக்காகப் பேசு. புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. நான் திரும்பச் சொல்றேன்" என்றாள் அத்தை, அம்மாவாக. பிறகு தன் குரலில், "எனக்கும் முட்டி வலி. அந்த வரிசையில நாலு மணி நேரம் யாரு உக்காருறது?" என்று எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் நானே ஆரம்பித்தேன். "போன தடவை அம்மா சரின்னு சொல்லல டாக்டர். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்க கேட்டது வேற." அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னிடம் பேசாமல் அம்மாவிடம் பேசினார்.

"நாக்குல முக்கால்வாசி போயிடும்மா. தாடையில ஒரு பக்கமும். உதடு அசையும். ஆனா இப்ப மாதிரி வார்த்தை வராது. ஆபரேஷன் செஞ்சா சில வருஷம் கிடைக்கலாம். செய்யலைன்னா எட்டு மாசம், அதிகம் போனா ஒரு வருஷம். வலி தெரியாம மருந்து கொடுத்துப் பாத்துக்குவோம்."

அம்மா என் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"புரியலைம்மா" என்றேன். டாக்டர் காத்திருந்தார்.

மறுபடி சொன்னாள். கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது. "இன்னொரு தடவைம்மா."

மூன்றாவது முறை முழுதாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. யோசித்துச் சொல்கிறோம் டாக்டர், இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று எனக்குள்ளே வேறு வார்த்தைகள் தயாராக நின்றன. நாக்கு நுனி வரை வந்துவிட்டன. எனக்கு அம்மா வேண்டும். வெறும் மூச்சாக இருந்தாலும் போதும், இன்னும் சில வருடம் வேண்டும்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றேன். "இருக்குற வரைக்கும் நான் பேசிட்டு இருக்கேன்."

சொல்லி முடிக்கும்வரை அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் மாறவில்லை என்று தெரிந்தபிறகுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.