ஒட்டுக்குக் கீழே வந்த கிளை

அப்போதெல்லாம் பள்ளிக்கூட வேன் வரும் நேரத்துக்கு உங்கள் அக்கா பெரியப்பா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வருவாள். சடையில் ஒரு சிவப்பு ரோஜா இருக்கும். "பெரியப்பா பறிச்சுக் குடுத்தாக" என்பாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொள்வேன். பிள்ளைகளா, அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு நாளாவது அவள் நம் வீட்டுச் செடிப் பூவை வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தெருவில் வந்த ஒரே வண்டியில், ஒரே நாளில் ஆளுக்கொன்றாக வாங்கிய இரண்டு ஒட்டு ரோஜாச் செடிகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். உங்கள் பெரியப்பா, என் அண்ணன், பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நானோ திருச்சுழிப் பக்கம் மழையை நம்பி மானாவாரியில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிறவன். மண்ணோடு கிடக்கிற எனக்கு வராத பூ, பருப்பு நிறுக்கிற கைக்கு வந்தது. போர்வெல் தண்ணீர் உப்பென்று நான் குடிதண்ணீரையே ஊற்றினேன். டீத்தூள், முட்டை ஓடு, ஆட்டுப் புழுக்கை, எதையும் விடவில்லை.

ஒரு மழைக்குப் பிறகு என் செடியின் அடியிலிருந்து புதுக் கிளைகள் கிளம்பி மதிலைத் தாண்டின. அவர் செடி அதில் பாதி உயரம்கூட இல்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரியப்பாவும் வந்து குனிந்து பார்த்தார்.

"ஏலே, இது ஒட்டுக்குக் கீழருந்து வருது. காட்டுச் செடி அடித்தண்டுலருந்து வர்ற கிளை. பூக்காது, மேல இருக்கிறதையும் தின்னுபுடும். வெட்டி விடு."

"ஒங்க செடி ஒசரலேன்னா என் செடிய வெட்டணுமாண்ணே?"

அவர் சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார். பொறாமையில் சொல்கிறார் என்றே நினைத்தேன். உங்கள் அம்மா சொல்லியும் நான் வெட்டவில்லை. அடுத்த கோடையில் ஒட்டுக் கட்டிய தண்டு காய்ந்தது. கீழே வந்த முள்கிளைகள் மட்டும் வேலிபோல நின்றன. கருவேலமுள்ளுக்குப் பஞ்சமில்லாத ஊரில், குடிதண்ணீர் ஊற்றி முள் வளர்த்தவன் நான்தான்.

பெரியப்பா இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். வீட்டுச் சாவி என்னிடம். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஒட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கிற துளிரைக் கிள்ளுவதும் என் வேலை. போன வாரம் காலேஜ் லீவுக்கு வந்த அக்கா அதில் ஒரு பூவைப் பறித்தாள். உடனே வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, ஒங்க செடி பூத்திருக்கு."

கோடை முழுக்கக் குடம் சுமந்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன். பழைய எரிச்சல் அப்படியே வந்தது. வயதானதால் கொஞ்சமும் குறையவில்லை.

"எங்க தாயி, வச்சுக் காட்டு" என்றார் அவர்.

அவள் போனை மதில்மேல் சாய்த்து வைத்தாள். பூவைச் சடையில் செருகி, அவருக்குத் தெரியட்டுமென்று போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அவர் பூவைப் பார்த்தார். அவள் சிரித்த முகம் என் பக்கம் இருந்தது.