இறங்குகிற விலையில் ஒரு வீடு

வீட்டுத் தரகு என்பது, வீடு வேண்டும் என்று தானாகத் தேடி வந்தவரிடமே வீடு வாங்கச் சொல்லிக் கெஞ்சுகிற தொழில். எந்தக் கடையிலாவது நின்று இந்தப் பாடு பட்டவர்களுக்கு என் எரிச்சல் புரியும். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை கவரைப்பேட்டையில் மாமாவின் தரகு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரவேண்டிய தொழிற்சாலைகள் வராது என்று ஒரு பேச்சு கிளம்பி, வீட்டு விலையெல்லாம் சரிந்துகொண்டிருந்தது.

நாளைக்கு இன்னும் குறையும்

ஃபிட்டர் முனிரத்தினத்துக்கு வைகாசியில்தான் கல்யாணம். ஒற்றை அறையில் வாடகைக்குக் குடித்தனம். ஒரு குடம் தண்ணீருக்கும் வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கிணற்றோடு இருந்த சின்ன வீடு ஒன்றைக் காட்டினேன். அவர் மனைவி கஸ்தூரி அடுப்படியில் போய் நின்றவள் வெளியே வரவே இல்லை. அவ்வளவு பிடித்துவிட்டது. போன மாதத்தைவிட விலை குறைவு என்று வாயை விட்டது என் தப்பு. "அப்போ அடுத்த மாசம் இன்னும் எறங்குமே" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

விற்று லாபம் பார்க்கிறவன் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், குடியிருக்கப் போகிறவன் நம்மால் முடிகிற தொகையா, வீடு வசதியா என்று பார்த்தால் போதாதா என்று தொண்டை வறள வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது கரீட்டுதாம்மா. ஆனா நான் வாங்கினப்புறம் கொறஞ்சிச்சின்னா, கம்பெனில பசங்க என்னப் பத்தி இன்னா பேசுவானுங்க?"

ஆடியில் ஒன்றும் ஆகாது

ஆடி பிறந்தது. நல்ல காரியம் எதுவும் கிடையாது. புதுப்பெண்ணான கஸ்தூரியையும் வழக்கப்படி திருப்பாச்சூரிலிருந்து வந்து அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். முனிரத்தினம் மட்டும் ஞாயிறு தவறாமல் ஆபீசுக்கு வந்து விலை விசாரித்தார். குறைந்திருக்கிறது என்றால், பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்போது பேசி முடியுங்கள், ஆவணியில் பதிவு செய்துகொள்ளலாம்" என்றேன்.

"ஊட்ல ஆளே இல்ல, ஊடு எதுக்கும்மா இப்போ?"

ஆவணி வந்தது, கஸ்தூரி வரவில்லை

ஆடி முடிந்ததும் மல்லிகைப்பூவும் மிக்சர் பொட்டலமுமாகத் திருப்பாச்சூர் போனவர், தனியாகத் திரும்பி நேராக என்னிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. நான்தான் அவளுக்கு வாதாடக் கற்றுக்கொடுத்துவிட்டேனாம். வீடு காட்டிய அன்றைக்கு அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே? என்னதான் சொன்னாள் என்று கேட்டேன்.

"'ஊட்டு வெல எறங்கி முடியட்டும், அப்புறமா வந்து கூட்டினு போ. அதுவரிக்கும் நான் அம்மா ஊட்லயே கீறேன்'னுட்டாம்மா."

பதிவுக்குப் பிறகு

அந்த ஆவணியிலேயே பதிவு முடிந்தது. பால் காய்ச்சிய அன்று கஸ்தூரி அடுப்படியை விட்டு அசையவில்லை. அடுத்த மாதமே விலை இன்னொரு படி இறங்கியது. முனிரத்தினம் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்ததும், சண்டைக்குப் பதில்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன். அவரோ உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்:

"வெல கொறஞ்சது அவளுக்குத் தெரிய வாணாம்மா. அவசரப்பட்டு வந்துட்டோமேன்னு மறுபடியும் திருப்பாச்சூருக்குப் பொட்டி கட்டிடுவா."

நான் மாதக்கணக்கில் வாதாடியும் நகராத வீட்டைக் கஸ்தூரி தன் அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே விற்றுவிட்டாள், தரகு மட்டும் மாமாவுக்குப் போனது.