கட் சொல்லும் வேலை

படப்பிடிப்புக் குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். இயக்குநருக்குத்தான் அது உறவு. மற்றவர்கள் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்தன் இயக்க, அவள் தயாரிக்க, இருவருமாக நான்கு படங்கள் எடுத்திருந்தார்கள். கதையும் கேமராவும் அவன் பொறுப்பு. வேன், சாப்பாடு, அனுமதி, அக்கம்பக்கத்தாரின் வசவு எல்லாம் அவள் தலையில். நான்கும் பாதி காலியான அரங்குகளில் ஓடின. பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை என்பான் கொழுந்தன்.

"அவங்க எல்லாரையும் நம்ம வேன்லயே ஏத்திடலாம்" என்பாள் அவள்.

அவனுக்குக் குழு வைத்த பெயர் 'இன்னொண்ணு'. எந்த ஷாட்டும் அவனுக்கு ஒரு தடவையில் போதாது. கேமரா ஓடும்போது அவள் வாய் திறக்கக் கூடாது, 'கட்' அவன்தான் சொல்வான் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அவள் மீறியதே இல்லை.

ஐந்தாவது படத்தில் அவள் கணவர் நீரில் மூழ்கிச் சாக வேண்டும். தம்பி படம் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு வேடம் உண்டு.

"போன படத்துல வெறும் பிணம். இதுல சாகவே விடுறான். வளர்ச்சிதானே" என்றார்.

போன மாதம்தான் மருத்துவர் அவரை மாடிப்படிகூட மெதுவாக ஏறச் சொல்லியிருந்தார். இதயம் பலவீனம். "தம்பிகிட்ட சொல்லிடாத. படத்த நிறுத்திடுவான்" என்றார் கணவர். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். சொல்லவில்லை.

மூடிக்கிடந்த விடுதி ஒன்றின் நீச்சல் குளம். அவர் மூழ்கினார். குமிழிகள் வந்தன, குறைந்தன, நின்றன. அவள் குளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"கட்" என்றாள்.

தலையைத் தூக்கிய கணவர், "ஏன்? மூச்சு பாக்கி இருந்துச்சே" என்றார். குழுவினர் தரையைப் பார்த்தார்கள்.

கொழுந்தன் அருகில் வந்தான். திட்டுவான் என்று நினைத்தாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"ஆமா."

"எனக்கும்தான். ஆனா பார்க்க உட்கார்ந்துட்டா எனக்கு நிறுத்த மனசு வராது. இதுக்கு நீங்களே கட் சொல்லுங்க."

மானிட்டர் முன்னால் இருந்த தன் நாற்காலியை அவளுக்கு விட்டான். தண்ணீரிலிருந்து கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார், இதயத்தைப் பற்றி அவனிடம் சொல்லாதே என்று.

அவர் மறுபடி மூழ்கினார். கேமரா ஓடும்போது அவள் மானிட்டரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதில் யாரோ ஒருவர் கீழே போய்க்கொண்டிருந்தார். சட்டை உப்பி விரிந்தது. மூடியிருந்த கை, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகத் திறந்தது. நன்றாக இருந்தது. அந்தக் கடைசி விரலும் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

திறந்தது. காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கட்."

மானிட்டரில் இருந்தவர் அசையவில்லை. லைட்மேன் குதித்தார். கொழுந்தன் செருப்போடு குதித்தான். இருவரும் அவரைக் குளத்தின் ஆழமில்லாத பக்கச் சுவரோரம் இழுத்து வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. இருமித் தண்ணீரைக் கக்கினார்.

"இந்தத் தடவ வந்துச்சா?" என்றார், அவளைப் பார்த்து.

ஷாட் வந்திருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் குமிழி மறைத்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று கொழுந்தன் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இவருக்கு இதயத்துல கோளாறு. போன மாசமே எங்களுக்குத் தெரியும்" என்றாள் கொழுந்தனிடம்.

அவன் இடுப்பளவு தண்ணீரில் அண்ணனைப் பிடித்தபடியே நின்றான். பிடியை விடவில்லை.

"வண்டியக் கொண்டு வாங்க" என்று ஓட்டுநரிடம் கத்தினாள். "ஆஸ்பத்திரிக்கு. மத்ததெல்லாம் இங்கயே கிடக்கட்டும்."