சவிரிமுத்து ஏசுகிற பாட்டு

உலகத்துக் கோபக்காரர்களையெல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றினால், அதை ஓட்டத் தகுதியுள்ள ஒரே மனிதர் லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் சவிரிமுத்துதான். அவர் கத்தினால் தேம்ஸ் நதி பயந்து பின்னுக்குப் போகும். அவர் வேலை செய்யும் பக்டரியில் அவர் முறைக்கிற சூட்டில்தான் பிஸ்கற் வேகிறதென்று நிர்மலா பள்ளிக்கூடத்தில் சத்தியமே செய்திருக்கிறாள்.

மன்னாரிலிருந்து வந்தவர், நிர்மலா வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். அந்தத் தொண்ணூறாம் ஆண்டு அவருடைய கோபமெல்லாம் மனைவி பியற்றிஸ் மேல்தான். லண்டனுக்கு வருவாள் என்று இவர் காத்திருக்க, அவள் கனடாவில், ரொறன்ரோவிலுள்ள தமையன் வீட்டில் போய் இறங்கிவிட்டாள். போனில் ஒரு பெரிய சண்டை. அதோடு இரண்டு பக்கமும் வாய் மூடிவிட்டது.

"முதல்ல அவள் எடுக்கட்டும். நான் செத்தாலும் எடுக்க மாட்டன்."

ஞாயிறு பின்னேரங்களில் அனுமதியில்லாமல் களவாக நடக்கும் ஓர் இங்கிலிஷ் வானொலியில், கறுப்பினப் பாடகர்கள் உருகிப் பாடும் பழைய சோல் பாட்டுகள் போகும். அதிலொன்று, ஆளில்லாத வீட்டில் ஒருவன் தனியே இருந்து உருகுகிற பாட்டு. சவிரிமுத்து அதை நிறுத்த மாட்டார். பாடுகிறவனைத்தான் ஏசுவார்.

"அழாதை மடையா! போனவள் போகட்டும். உனக்கு வெக்கமில்லையே?"

ஏசிவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நிர்மலாவுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிய நெஞ்சுக்குள் ஏதோ குத்தும். அவர் ரேடியோவுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்த ரொறன்ரோ நம்பரைக் களவாகப் பார்த்து, அடித்து, மணி போக முதலே பயத்தில் வைத்தும்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பாளன் அந்தப் பாட்டுக்கு முன்னால் சொன்னான்: இது பிளேஸ்டோ சவிரிமுத்துவுக்கு ரொறன்ரோ பியற்றிஸ் விரும்பிக் கேட்டதாம். சவிரிமுத்துவை நினைக்காத நாளில்லையாம்.

முன்னறையில் ஏச்சு இல்லை. குசினியில் நிர்மலா பாண் துண்டைக் கடித்தபடி விழுங்க மறந்து நின்றாள்.

கதவு படாரென்று திறந்தது.

"எடியே நிர்மலா!"

"நான் ஒண்டும் செய்யேல்லை மாமா."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே! பக்டரி சூப்பர்வைசருக்கு இத்தனை வருசமா என்ர பேர் வாயில வரேல்லை. இந்த ரேடியோக்காரன் பிசகாமல் சொல்லுறான். ஆர் சொல்லிக் குடுத்தது?"

"பியற்றிஸ் மாமி சொல்லியிருப்பா."

"பொய்! கலியாணம் கட்டின நாள் தொட்டு அவள் என்ர பேரைச் சொன்னதே இல்லை. சண்டை பிடிக்கேக்கையும் 'இஞ்சாருங்கோ' எண்டுதான் பிடிப்பாள்."

அந்த ஒரு சொல்லில் அவர் குரல் சறுக்கியது. அதற்கும் சேர்த்துக் கோபம் ஏறியது. போனைத் தூக்கி அவள் கையில் திணித்தார்.

"ரேடியோக்காரனுக்கு அடிச்ச விரல்தானே? ரொறன்ரோவுக்கு அடி."

"எடுக்க மாட்டன் எண்டனீங்கள்?"

"நான் எங்கை எடுக்கிறன்? நீதானே எடுக்கிறாய். ஆரெண்டு கேட்டால் பேரைச் சொல்லிப் போடாதை. 'இஞ்சாருங்கோ' நிக்கிறார் எண்டு சொல்லு."

நிர்மலா மளமளவென்று நம்பரை அடித்தாள். மறுபக்கம் மணி போகத் தொடங்கியது.

"பொறு," என்றார் சவிரிமுத்து. "நான் இன்னும் நம்பரே சொல்லேல்லையேடி."