கரி பஸ்ஸும் பூவரசம் பலகையும்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும், இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஓடிய பஸ்கள் கரிக்கு மாறின. வண்டியின் பின்பக்கத்தை வெட்டி, அங்கே ஆளுயரக் கரியடுப்பை நிறுத்துவார்கள். அதில் எழும் வாயுவில் எஞ்சின் ஓடும். எங்கள் பஸ்ஸும் மாறாவிட்டால் பெர்மிட் பறிபோய்விடும். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு பஸ்தான்.

என் வீட்டுக்காரர் வெட்ட விடமாட்டேன் என்றார். பின்சீட்டுப் பலகை, காலமாகிவிட்ட என் மாமனார் கொல்லைப் பூவரசை அறுத்துத் தன் கையால் இழைத்துப் போட்டது. கடைசிவரை அதில்தான் உட்கார்ந்து வந்தார்.

"பலகையவா வேகவச்சுத் திங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதுல ரம்பம் படக்கூடாதுடி. வேற வழி பாக்குறேன்," என்றார்.

பார்த்தார். அடுப்பைத் தனி வண்டியில் ஏற்றி, பஸ்ஸுக்குப் பின்னால் கோத்து இழுக்கப் போகிறாராம். அதற்கும் வெளியில் சாமான் வாங்கமாட்டாராம். பஸ் வாங்கும் முன் மாமனார் ஓட்டிய மாட்டுவண்டியின் சக்கரங்களையே மாட்டினார். இப்படியொரு கிறுக்குத்தனம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். இரும்புப் பட்டைச் சக்கரம் சரளை ரோட்டில் குதித்த குதியில் அடுப்பு சாய்ந்து, தணல் ரோடெல்லாம் கொட்டியது. ஜனங்கள் அலறியடித்து இறங்கி ஓடினார்கள். நான் வாய் ஓயத் திட்டினேன். மனுஷர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் டயர் மாட்டினார். அடுப்பிலிருந்து எஞ்சினுக்கு வாயு போக, வளைவில் திரும்பத் தோதாக நீளமான ரப்பர் குழாய் கொடுத்தார். அவ்வளவு தூரம் வருவதற்குள் வாயு ஆறி அடர்த்தியானதால் எஞ்சினுக்குத் தெம்பு கூடியது. மற்ற கரி பஸ்கள் மேட்டில் திணறி நிற்க, எங்களுடையது ஏறிப் போனது. எனக்கே மலைப்பாக இருந்தது. இந்த மூளையை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்!

ஆனாலும் பெர்மிட் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டுமே. வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் பின்னாடி வெட்டித்தானே வைக்கிறாங்க, நீங்க ஏன் வைக்கல?" என்று கேட்டார்.

வாயு ஆறுகிற கதையைச் சொல்லியிருக்கலாம். இவர், "அது எங்கப்பா ஒக்காந்த எடமுங்க," என்றார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி ஏறி, நேரே பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். "புதுக்கோட்டைக்கு விடுங்க," என்றார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை; நானும் ஏறிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் இறங்கியவர் தன் வெள்ளைச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற கரி பஸ்ஸில் பின்சீட்டில் வந்தால் சட்டை கறுத்துவிடும்; இதில் கரி ஒட்டவில்லை. "பெர்மிட் ஒங்களுக்குத்தான். ஓட்டுங்க," என்று சொல்லிப் போனார்.

இவர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். "அப்பா நடத்துன லைன் என் கையில நின்னு போயிருமோன்னு பயந்து செத்தேன்டி," என்றார்.

அத்தனை பயத்தை வைத்துக்கொண்டா ரம்பத்தைக் கிட்டே விடாமல் இருந்தார்! அவரைக் கட்டிக்கொண்டதற்காக அன்று பட்ட பெருமையை நான் வேறு என்றும் பட்டதில்லை.